நீலகிரியில தென்சீன குங்ஃபு: போர்டு இல்லாத மாஸ்டரத் தேடிப் போறவங்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு எங்க போனாலும் கராத்தே கிளாஸ் போர்டு கண்ணுல படும், டேக்வாண்டோ இருக்கும், இப்பல்லாம் சிலம்பமும் ஸ்கூல் கிரவுண்ட்ல நல்லாவே நடக்குது. ஆனா விங் சுன், ஹங் கார், வெள்ளைக் கொக்குன்னு தென்சீன வகை ஏதாச்சும் கத்துக்கணும்னு ஒருத்தருக்கு ஆசை வந்தா எங்க போறதுன்னே தெரியாது, கடைசில யூடியூப் பாத்துட்டு கண்ணாடி முன்னாடி நின்னு கைய ஆட்டிட்டு இருப்பாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். மலையில இதச் சொல்லித்தர்ற ஆளுங்க இருக்காங்க, ஆனா வீட்டு மாடியில, எஸ்டேட் லைனுக்குப் பின்னாடி இருக்கற ஷெட்டுல, நாலஞ்சு பேர மட்டும் வெச்சுக்கிட்டு, வெளிய பேரே வராம. அவங்களக் கண்டுபிடிக்கறது எப்படி, நேர்ல பாத்தா என்ன கேக்கறது, எத வெச்சு நம்பறது, சேந்தப்புறம் எப்படிப் பழகறதுன்னு எனக்குத் தெரிஞ்சத எல்லாம் சொல்லிடறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. தென்சீன வகைகள் எல்லாமே கை பட்டுத்தான் வரும். மாஸ்டரோட முன்கை உங்க முன்கை மேல இருக்கணும், அவரு தள்றது இழுக்கறது எல்லாம் உங்க தோல் வழியா உங்களுக்குத் தெரியணும். அதனால சர்டிஃபிகேட், கப்பு, பெல்ட், ஃபோட்டோ எல்லாத்தையும் விட அவரு உங்களத் தொட்டுச் சொல்லித்தர்றாரா, எத்தனை நேரம் தொட்டுச் சொல்லித்தர்றாருங்கறதுதான் பெருசு. அம்பது பேரு வரிசையா நிக்கற ஹால்ல அது நடக்காது, நாலு பேரு இருக்கற மாடியில நடக்கும். நான் தனி மாஸ்டரத் தேடுங்கன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம், மத்தபடி பெரிய கிளாஸ் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல.

இது மலைக்காகப் புதுசா வந்த வழக்கமும் இல்ல. விங் சுன் வரிசையில, அதாவது குரு சிஷ்யன்னு வழிவழியா வர்ற பரம்பரையில, லியுங் ஜான்னு ஒருத்தர், குவாங்டாங் மாகாணத்துல ஃபோஷான் ஊர்ல மூலிகை வைத்தியரா இருந்தவரு, ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் சொல்லிக்குடுத்தாரு, வயசான காலத்துல சொந்த ஊரான கு லாவ் கிராமத்துக்குப் போயி அங்க ஒரு சிலருக்கு மட்டும் கத்துக்குடுத்தாருன்னு சொல்வாங்க, அந்தக் கிராமத்து வரிசை இன்னிக்கும் தனியா நடந்துட்டு இருக்கு. ஃபோஷான்ல யுவன் கே சான்னு இன்னொருத்தர், அவரும் விரல் விட்டு எண்ற அளவு ஆளுங்களுக்குத்தான் சொல்லித்தந்தாரு. நமக்கெல்லாம் தெரிஞ்ச இப் மான் 1893ல ஃபோஷான்ல பொறந்தவரு, அவரும் ஹாங்காங் போயி பொழப்புக்காகத்தான் வெளிப்படையா கிளாஸ் ஆரம்பிச்சாரு, 1972ல அங்கயே இறந்தாரு, புரூஸ் லீ அவருகிட்ட கத்துக்கிட்டது அந்த ஹாங்காங் கிளாஸ்லதான். ஹக்காங்கற தென்சீன மக்களோட மாண்டிஸ் (கும்பிடு பூச்சி) வகையும் வெளியாளுக்குச் சொல்லித்தராம சொந்தக்காரங்களுக்குள்ளயே ரொம்ப நாள் ஓடிச்சுன்னு அந்த வரிசைக்காரங்களே சொல்வாங்க. ஆக போர்டு இல்லாம இருக்கறது கௌரவக் குறைச்சல் கிடையாது.

தேடறதுக்கு முன்னாடி எந்த வகை எப்படி இருக்கும்னு கொஞ்சமாச்சும் தெரிஞ்சு வெச்சுக்கங்க, இல்லன்னா யாரு என்ன காட்டினாலும் ஆன்னு பாத்துட்டு வந்துடுவோம். சீனாவுல தெற்கே கை, வடக்கே கால்னு ஒரு வழக்கு இருக்கு, அதாவது தெற்குப் பக்கத்து வகைகள்ல காலைத் தரையில ஊனிக்கிட்டு கை வேலைதான் ஜாஸ்தி, எகிறி எகிறி உதைக்கறது கம்மி.

ஃபார்ம்னா அசைவுகள வரிசையாக் கோத்து வெச்ச பாடம், கராத்தேல கட்டாம்பாங்களே அது. விங் சுன்ல வெறுங்கை ஃபார்ம் மூணே மூணுதான், சியு நிம் தாவ், சம் கியு, பியு ஜி. முதல் ஃபார்ம்ல கால் ஒரு அடி கூட நகராது, நின்ன இடத்துலயே கை மட்டும்தான். அப்புறம் அடிச்சுப் பழகற மரப்பொம்மை, நீளக் கம்பு, ரெட்டைக் கத்தி. நடுவுல சி சாவ்னு ரெண்டு பேரு கையோட கை ஒட்டிக்கிட்டு சுத்தற பயிற்சி, உயிரே அதுலதான் இருக்கு.

ஹங் கார்ல குதிரை நிலையில, அதாவது குதிரை மேல உக்காந்த மாதிரி கால அகட்டி முட்டிய மடக்கி, மாசக்கணக்குல நிக்க வெப்பாங்க, தொடை எரியும். அதுல புலிய அடக்கற ஃபார்ம், புலி கொக்கு ஃபார்ம், அஞ்சு மிருகம் அஞ்சு பூதம் ஃபார்ம், கடைசியா இரும்புக் கம்பி ஃபார்ம்னு நாலுதான் தூண் மாதிரி நிக்கும். 1847ல பொறந்த வோங் ஃபெய் ஹுங் இந்த வரிசைக்காரரு, அவரும் வைத்தியர்தான், ஃபோஷான் பக்கம்தான்.

சோய் லி ஃபட் இதுக்கு நேர் எதிர், கைய அகலமா வீசி வீசி அடிப்பாங்க, சான் ஹியுங்னு ஒருத்தர் 1836ல உருவாக்கினது, ஃபார்ம் கணக்குல ஏகப்பட்டது இருக்கு. ஃபுஜியன் மாகாணத்து வெள்ளைக் கொக்கும் அஞ்சு முன்னோர் வகையும் சாம் சியன்ங்கற ஒரு ஃபார்ம அடித்தளமா வெச்சிருக்கு. உங்கள்ல கோஜு ரியு கராத்தே பண்ணவங்களுக்கு சான்சின் கட்டா தெரிஞ்சிருக்கும், அதுக்குச் சொந்தம்தான் இது, ஹிகாஓன்னா கான்ரியோங்கற ஆசான் 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஜப்பான் பக்கத்து ஒகினாவா தீவுலேர்ந்து ஃபுஜியன்ல இருக்கற ஃபுஜோ ஊருக்குப் போயி கத்துக்கிட்டு வந்த வழியில வந்தது. ஹக்கா மாண்டிஸ்ல மூணு அடிதான் முன்னாடி போவாங்க, முதுகு லேசா வளைஞ்சிருக்கும், முழங்கை ரெண்டும் நடுவுல ஒட்டி இருக்கும், ஆள்காட்டி விரல் முட்டிய மட்டும் வெளிய நீட்டின குத்து. இவ்வளவு தெரிஞ்சா போதும், எதிர்ல நிக்கறவரு சொல்ற பேருக்கும் காட்ற கைக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாதி உங்களுக்கே புரிஞ்சிடும்.

சரி, எங்க தேடறது. கூகிள் மேப்ல தேடினா கிடைக்காது. முதல்ல உங்க ஊரு கராத்தே மாஸ்டர்கிட்டயே போயி மரியாதையா கேளுங்க, பழைய மாஸ்டருங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் தெரியும், "அவரு சைனீஸ் ஸ்டைல் பண்ணுவாரு, யாருக்கும் சொல்லித்தர மாட்டாரு"ன்னு ஒரு பேரு வரும், அந்த மாட்டாருங்கற ஆளுதான் நீங்க தேடற ஆளு. சிலம்பம் ஆசான்கிட்ட கேளுங்க. எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்றவங்ககிட்ட கேளுங்க, யாரு கையில எந்த மாதிரி அடி பட்டு வருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வெலிங்டன் பக்கம் ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆகி செட்டில் ஆனவங்க நிறைய, வடகிழக்குல போஸ்டிங் இருந்தப்ப ஏதாவது கத்துக்கிட்டு வந்தவங்க இருப்பாங்க.

அதவிட முக்கியமா, மலேசியா சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டுத் திரும்பி வந்தவங்க. அங்க இருக்கற சீனர்கள்ல பெரும்பாலானவங்க ஃபுஜியன், குவாங்டாங் பக்கத்துலேர்ந்து போன குடும்பங்க, பினாங்குல ஹொக்கியன் பேசறவங்க, ஈப்போவிலயும் கோலாலம்பூர்லயும் கான்டனீஸ், அதனால தென்சீன வகைகள் அங்க கோயில் சங்கம், ஊர்ச் சங்கம்னு வேரூன்றி நின்னுச்சு. கூட வேலை பாத்த சீனக்காரரோட சாயந்திரம் போயி கத்துக்கிட்ட தமிழர்கள் உண்டு. அந்த மாதிரி ஆளு ஊருக்கு வந்து தேயிலைத் தோட்டம் வாங்கிப் போட்டுட்டு இல்ல ஒரு மளிகைக் கடைய வெச்சுக்கிட்டு, தான் இதக் கத்துக்கிட்டதயே யாருக்கும் சொல்லாம இருப்பாரு. டீக்கடையில நாலு பெரியவங்ககிட்ட "மலேசியாவுல இருந்து வந்தவங்க யாராச்சும் கை கால் வித்தை தெரிஞ்சவங்க இருக்காங்களாங்க"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு வாரத்துல நடக்காது, நடக்கறப்ப நல்ல ஆளாக் கிடைக்கும்.

ஆளு தெரிஞ்சதும் ஃபோன் நம்பர் வாங்கி வாட்ஸப்ல "ஹாய் மாஸ்டர், ஃபீஸ் எவ்ளோ"ன்னு அனுப்பாதீங்க, அதோட முடிஞ்சுது. தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு நேர்ல போங்க, சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல போங்க, தோட்ட வேலை இருக்கறவங்களுக்கு அதுதான் நேரம். "வணக்கங்க மாஸ்டர், அண்ணன் உங்களப் பத்தி சொன்னாருங்க, எனக்கு இதுல ரொம்ப நாளா ஆர்வம், ஒரு நாள் ஓரமா உக்காந்து பாத்துக்கலாமுங்களா"ன்னு கேட்டாப் போதும். சொல்லித்தாங்கன்னு முதல் நாளே கேக்காதீங்க. நிறைய பேரு முதல்ல "அதெல்லாம் விட்டு பல வருஷம் ஆச்சு தம்பி"ன்னுதான் சொல்வாங்க, அது முடியாதுன்னு அர்த்தம் இல்ல, ரெண்டாவது தடவையும் வர்றானான்னு பாக்கறாங்க. ரெண்டாவது தடவை போங்க, மூணாவது தடவையும் போங்க, அப்பவும் வேண்டாம்னா கும்பிட்டுட்டு விட்டுடுங்க.

ஓரமா உக்காந்து பாக்கறப்ப எதப் பாக்கணும்? மாஸ்டர் எவ்வளவு வேகமா அடிக்கறாருன்னு பாக்காதீங்க, சீனியர் பசங்களப் பாருங்க. அவங்க தோள் இறங்கி இருக்கா, கழுத்து இறுகாம இருக்கா, மூச்சு சீராப் போகுதா. அப்புறம் மாஸ்டர் அவங்களத் திருத்தற விதத்தப் பாருங்க. கோத்தகிரிப் பக்கம் நான் பாத்த ஒரு பெரியவரு, அறுபது தாண்டினவரு, ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கிட்டே சொல்லித்தருவாரு. ஒரு பையன் அவரு நெஞ்சப் பாத்துக் கைய நீட்டித் தள்றான், முகமெல்லாம் செவந்து போச்சு, அவரு அசையல. அப்புறம் அவரு பையனோட முழங்கைக்கு அடியில ரெண்டு விரல மட்டும் வெச்சு, ஒரு அங்குலம் உள்பக்கமா நகத்தி, "இப்பத் தள்ளு, தோள்லேர்ந்து வேண்டாம், குதிகால்லேர்ந்து வா"ன்னாரு. பையன் முன்ன விடக் கம்மியாத்தான் முக்கினான், பெரியவரு ஒரு அடி பின்னாடி போயிட்டாரு, போயிட்டு சிரிச்சாரு. பையன் தன் முழங்கையவே குனிஞ்சு பாத்துட்டு இருந்தான். தன்னைத் தள்ற அளவுக்குப் பையனுக்கு வழி காட்ற ஆளு, தான் பின்னாடி போனதுல சந்தோஷப்படற ஆளு, அந்த மாதிரி ஒருத்தரு கிடைச்சா கெட்டியாப் பிடிச்சுக்கங்க. பையன மட்டும் மாத்தி மாத்தித் தூக்கி எறிஞ்சு தன் பவரக் காட்றவருகிட்ட வருஷக்கணக்குல இருந்தாலும் எறி வாங்கத்தான் கத்துக்குவீங்க.

வகைக்கு வகை தொடற முறை மாறும். விங் சுன்ல சி சாவ், ஹக்கா மாண்டிஸ்ல முன்கைய முன்கையோட அரைச்சு அரைச்சுப் பண்ற பயிற்சி, ஃபுஜியன் வகைகள்ல நீங்க சாம் சியன் பண்ணிட்டு இருக்கறப்ப மாஸ்டர் சுத்தி வந்து தோள், இடுப்பு, தொடைன்னு அமுக்கியும் தட்டியும் பாப்பாரு. எதுவுமே இல்லாம ஃபார்ம் மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே போற கிளாஸ்னா அது தென்சீனப் பேருல நடக்கற வேற ஏதோ ஒண்ணு.

யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறது தப்பே இல்ல, பணிவா கேக்கணும். இந்த உலகத்துல மாஸ்டர சிஃபுன்னும் அவரோட மாஸ்டர சிகுங்னும் சொல்வாங்க, நமக்கு முன்னாடி சேந்தவரு சிஹிங், அண்ணன் முறை, பின்னாடி வந்தவரு சிதாய், தம்பி முறை. குடும்பம் மாதிரிதான் கட்டியிருக்கறதால உண்மையாக் கத்துக்கிட்டவருக்கு "உங்க சிஃபு யாருங்க"ங்கற கேள்வி சந்தோஷத்தத் தரும், எந்த ஊரு, எந்த வருஷம், எத்தனை மணிக்குக் கிளாஸ், அவரு என்ன வேலை பாத்தாரு, எப்படித் திட்டுவாருன்னு கதை கதையா வரும். பொய் சொல்றவருகிட்ட பெரிய பேரு மட்டும் வரும், விவரம் வராது. "நான் நேரா ஷாவ்லின்ல கத்துக்கிட்டேன்" மட்டும் சொல்லி நிறுத்தறவருகிட்ட ஷாவ்லின் கோயில் வடக்குல ஹெனான் மாகாணத்துல இருக்கே, நீங்க பண்றது தெற்கு வகை ஆச்சேன்னு மெதுவா கேட்டுப் பாருங்க, பதில்ல தெரிஞ்சிடும்.

இங்க நம்ம ஊருக்குன்னே ரெண்டு கதை சுத்தும், அதப் பத்தி சொல்லியே ஆகணும். ஒண்ணு போதிதர்மர். காஞ்சிபுரத்துலேர்ந்து போயி சீனாக்காரங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தாருன்னு எல்லா கிளாஸ்லயும் ஆரம்பிப்பாங்க. அவரு மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனா அவரு பேருல வர்ற உடற்பயிற்சி நூலே 17ஆம் நூற்றாண்டு வாக்குல எழுதினதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, விங் சுன், ஹங் கார், சோய் லி ஃபட் எல்லாம் அவரு காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல பிந்தி வந்தது. அதனால போதிதர்மர் பேரு சொல்றதால ஒருத்தரு நல்ல மாஸ்டர்னு ஆகிடாது, சொல்லலங்கறதால குறைஞ்சிடவும் மாட்டாரு.

ரெண்டாவது நடுவட்டம் கதை. 19ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க சீனக் கைதிகள கடல் கடந்து கொண்டு வந்து நீலகிரியில சின்கோனா (மலேரியா மருந்து எடுக்கற மரம்) தோட்ட வேலைக்கு வெச்சாங்க, நடுவட்டம் ஜெயில் இன்னும் இருக்கு, விடுதலையானப்புறம் அவங்கள்ல சிலரு இங்கயே தமிழ்க் குடும்பமாகித் தங்கிட்டாங்க, அப்ப மெட்ராஸ் மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன்ங்கற வெள்ளைக்காரரு அவங்களப் பத்தி எழுதியே வெச்சிருக்காரு. இதெல்லாம் நிஜம். ஆனா அவங்க வழியா ரகசியமா குங்ஃபு இந்த மலையில இறங்கிச்சு, எங்க தாத்தா அந்த வரிசைன்னு யாராச்சும் சொன்னா, அதுக்கு ஒரு ஆதாரமும் நான் பாத்ததில்ல. அந்த மனுஷங்க பட்ட கஷ்டம் தனிக் கதை, அத விளம்பரமா ஆக்கறது எனக்கு வலிக்குது.

பெல்ட் பத்தி ஒரு வரி, கலர் பெல்ட் ஜூடோ கராத்தே வழியா வந்தது, பழைய தென்சீன வரிசைகள்ல அது கிடையாது, இப்ப சில ஸ்கூல்ல இடுப்புத் துணி கட்றாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, வுஷுங்கற சீனப் போட்டி விளையாட்டுல நான்குவான்னு ஒரு பிரிவு இருக்கு, நான்குவான்னா தெற்குக் கை வித்தைதான், ஆனா அது 1960 வாக்குல பழைய தெற்கு வகைகள்லேர்ந்து எடுத்துப் போட்டிக்காகக் கட்டின ஒண்ணு. பிள்ளைக்கு மெடல், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேணும்னா வுஷு கோச்சத் தேடுங்க, ரொம்ப நல்ல விளையாட்டு. நான் சொல்ற தனி மாஸ்டருகிட்ட மெடல் கிடைக்காது.

சேந்துக்கறதுன்னு ஆனப்புறம் காசு விஷயத்த முதல் வாரமே பேசிடுங்க. மாசா மாசம் குடுங்க, ஒரு வருஷத்துக்கு மொத்தமா முன்பணம் கேக்கறவருகிட்ட கொஞ்சம் தள்ளி நிக்கறது நல்லது. சில பெரியவங்க காசே வேண்டாம்பாங்க, அப்ப தீபாவளி பொங்கலுக்கு வேட்டியோ ஸ்வெட்டரோ வாங்கிக் குடுங்க, ஷெட்டுக்குத் தகரம் மாத்தணும்னா ஞாயித்துக்கிழமை போயி நில்லுங்க, அவங்க வீட்டு அம்மா டீ குடுத்தா டம்ளரக் கழுவி வெச்சுட்டு வாங்க. சீன முறையில சீடனா ஏத்துக்கறதுக்கு பாய் சின்னு ஒரு சடங்கு இருக்கு, மண்டி போட்டு சிஃபுவுக்கு டீ குடுத்து சிவப்புக் கவர்ல காணிக்கை வெக்கறது. அது வருஷக்கணக்கா பழகினப்புறம் அவரா கூப்பிட்டுப் பண்றது. சேந்த மாசமே பாய் சி பண்ணலாம், இவ்வளவு ஆகும்னு ரேட் சொன்னா எழுந்து வந்துடுங்க.

பொம்பளைப் பிள்ளைங்களும் சின்னப் பசங்களும் கத்துக்கறதுல ஒண்ணு கண்டிப்பா பாக்கணும். இந்த வித்தைய தொடாம சொல்லித்தர முடியாது, அதனாலயே எங்க தொடறது, எதுக்குத் தொடறதுன்னு மாஸ்டர் முன்னாடியே சொல்லணும், கதவு திறந்திருக்கணும், வீட்டாளு ஒருத்தரு உக்காந்து பாக்க எப்ப வேணா அனுமதி இருக்கணும். நல்ல மாஸ்டர் நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அவரே "அம்மாவ வந்து உக்காரச் சொல்லும்மா"ம்பாரு. மூஞ்சிய சுளிச்சா அங்க அனுப்பாதீங்க, எவ்வளவு பெரிய வரிசையா இருந்தாலும் சரி.

இப்ப பயிற்சிக்கு வருவோம், மலையில இது சமவெளி மாதிரி இல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கீழ கோயமுத்தூர்லேர்ந்து வர்றவங்களுக்கு முதல் கொஞ்ச நாள் மூச்சு வாங்கும், பயப்படாதீங்க, மெதுவா கூட்டுங்க. டிசம்பர் ஜனவரி உறைபனியில காலங்காத்தால எழுந்து நேரா ஸ்டான்ஸ்ல உக்காந்தா முட்டி போயிடும், முதல்ல பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடங்க, மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு, கணுக்கால் எல்லாத்தையும் சுத்துங்க, உள்ளங்கை சூடானப்புறம்தான் குத்து. சிமெண்ட் தரை ஜில்லுனு இருக்கும், வெறுங்காலோட நிக்காதீங்க, கேன்வாஸ் ஷூ போட்டுக்கங்க இல்ல கோணிச் சாக்கு விரிச்சுக்கங்க. படத்துல வர்ற மாதிரி விடியறதுக்கு முன்னாடி தேயிலைத் தோட்டத்துக்குள்ள போயி தனியா பயிற்சி பண்றது நம்ம ஊர்ல வேண்டவே வேண்டாம், கோத்தகிரி குன்னூர் பக்கம் கரடி இறங்குது, காட்டுமாடு தேயிலைக்குள்ள படுத்திருந்தா பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. வெளிச்சம் வந்தப்புறம், வீட்டு வாசல்ல போதும். கூடலூர்ப் பக்கம் ஜூன்லேர்ந்து விடாம மழை, குன்னூர் கோத்தகிரியில அக்டோபர் நவம்பர்ல ஜாஸ்தி, அந்த மாசங்கள்ல வீட்டுக்குள்ளயே பண்ற மாதிரி கை வேலைய வெச்சுக்கங்க, விங் சுன் முதல் ஃபார்முக்கு ஒரு பாய் அகலம் இருந்தாலே தாராளம்.

நிக்கற நிலைதான் எல்லாருக்கும் முதல்ல போர் அடிக்கும், விட்டுட்டு ஓடறதும் அதுலதான். மேட்டுப்பாளையம் பஸ்ல கம்பியப் பிடிக்காம நின்னு பாத்திருக்கீங்களா, வளைவு வர்றப்ப முட்டி தானா இளகி, எடை கால் அடிக்கு இறங்கி, இடுப்பு மேல இருக்கறத எல்லாம் சும்மா வெச்சுக்கும், ஸ்டான்ஸ்ல வர வேண்டிய உணர்வு அதுதான், இறுக்கிப் பிடிச்சு சிலை மாதிரி நிக்கறது இல்ல. விங் சுன் நிலையில பாதம் உள்பக்கம் திரும்பி இருக்கும், முட்டிய வெச்சு வலுக்கட்டாயமா உள்ள திருகாதீங்க, திருப்பம் இடுப்பு மூட்டுலேர்ந்து வரணும், முட்டி பாதம் காட்ற திசையிலயே இருக்கணும். ஹங் கார் குதிரை நிலையில ஆரம்பத்துல ரொம்பத் தாழ உக்காரணும்னு இல்ல, முதுகு நேரா இருக்கற அளவுக்கு மட்டும் இறங்குங்க, மாசம் போகப் போகத் தானா தாழும். முட்டிக்குள்ள குத்தற வலி வந்தா நிறுத்திட்டு மாஸ்டர்கிட்ட சொல்லணும், தொடை எரிஞ்சா அது பரவால்ல.

மரப்பொம்மை வேணும்னு எல்லாரும் முதல் மாசமே கேப்பாங்க. அது ரொம்பப் பின்னாடி வர்றது, விங் சுன் ரெண்டாவது ஃபார்மான சம் கியு முடியற வரைக்கும் அவசரமே இல்ல. செய்யற காலம் வந்தா ஒம்பது அங்குலம் வாக்குல விட்டம், அஞ்சடி உயரம், மூணு கை ஒரு கால். தேக்கு கிடைச்சா நல்லது, விலை அதிகம். நம்ம பக்கம் சில்வர் ஓக் தாராளமா கிடைக்கும், நல்லாக் காஞ்சதா பாத்து டிப்போவுல வாங்குங்க. கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், வேண்டாம், காயறப்ப நீளமா வெடிச்சுக் கை கிழிஞ்சிடும். சொந்தத் தோட்டத்து மரம்தானேன்னு நீங்களா வெட்டாதீங்க, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955லேர்ந்து இருக்கு, அனுமதி இல்லாம வெட்டினா கேஸ் ஆகிடும். கம்பு விஷயத்துல சிலம்பம் தெரிஞ்சவங்க ஒண்ணு கவனிக்கணும், தென்சீன நீளக் கம்பு எட்டு ஒம்பது அடி இருக்கும், ஒரு பக்கம் தடிமனா மறுபக்கம் மெலிஞ்சு, சுழட்டறது இல்ல, ஒரு முனையால குத்தறதும் தட்டறதும்தான். சிலம்பத்துல பழகின மணிக்கட்டு இதுல உதவும், ஆனா தோள் பழக்கத்த மாத்தணும்.

அடிச்சு அடிச்சுக் கைய கெட்டியாக்கற இரும்புக் கை பயிற்சிய வீடியோ பாத்து ஆரம்பிக்காதீங்க, இத நான் கெஞ்சியே கேக்கறேன். பையில பச்சைப்பயிறு, அப்புறம் மணல், அப்புறம் இரும்புக் குண்டுன்னு வருஷக்கணக்குல போறது அது, அடிச்சப்புறம் தித் தா ஜோவ்னு ஒரு மூலிகைச் சாராயத் தைலம் தேச்சு நீவி விடுவாங்க, மாஸ்டருங்க வரிசைக்கு ஒரு மாதிரி செய்வாங்க, அது தோல் மேல தேய்க்க மட்டும்தான், வாயில வெக்கக்கூடாது, புண்ணு மேலயும் தடவக்கூடாது. நம்ம பக்கம் தைலம் விக்கற கடை நிறைய இருக்கறதால கற்பூரத் தைலம் போதும்னு நினைப்பாங்க, வலிக்கு இதமா இருக்கும்தான், ஆனா தைலம் இருக்குங்கற தைரியத்துல கல்லுல கைய அடிக்காதீங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ யாருக்கும் வேண்டாம், எலும்பு வளர்ற வயசு. அதே மாதிரி ஹங் காரோட இரும்புக் கம்பி ஃபார்ம் மூச்ச அடக்கி சத்தம் போட்டு உடம்ப இறுக்கிப் பண்றது, பிரஷர் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடவே கூடாது.

மாஸ்டர் தூரத்துல இருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அவரு கோத்தகிரியில, நீங்க பந்தலூர்லன்னா ஒரு நாள்ல போயிட்டு வர்றதே பெருசு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனாலும் போதும், ஆனா போற அன்னிக்கு முழுசா கை பட்டுப் பழகறதுக்கு வெச்சுக்கங்க, புது ஃபார்ம் கேக்காதீங்க. திரும்பி வர்ற பஸ்லயே, ஞாபகம் மங்கறதுக்கு முன்னாடி, எந்த இடத்துல கை வெச்சாரு, என்ன சொன்னாருன்னு நோட்டுல எழுதிடுங்க. அனுமதி கேக்காம வீடியோ எடுக்காதீங்க, எடுக்கச் சொன்னாலும் எங்கயும் போடாதீங்க, பேரு வெளிய வர வேண்டாம்னு இருக்கற மனுஷன நாம இழுத்து விடக்கூடாது. நடுவுல இருக்கற நாள்ல பழக ஒரு ஜோடி தேவை, அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன், யாரா இருந்தாலும் சரி, மாஸ்டர் காட்டின அந்த ஒரே ஒரு கைய மட்டும் தினம் கால் மணி நேரம் மெதுவா, சிரிக்காம, ஜெயிக்கணும்னு நினைக்காம மாத்தி மாத்திப் பண்ணுங்க. அடுத்த தடவை போறப்ப அந்த ஜோடியையும் கூட்டிட்டுப் போங்க, மாஸ்டர் ரெண்டு பேரு கையையும் ஒரே நேரத்துல பிடிச்சுப் பாத்தாருன்னா எங்க இடிக்குதுன்னு உடனே சொல்லிடுவாரு.